சீட்டில் எழுதியதும் சேலையில் இருப்பதும்



நம் இல்லங்களில் ஒரு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டால் மறுநாளே பட்டுச் சேலையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் குடும்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து காஞ்சிபுரத்திற்கு வந்து இறங்குவார்கள். காந்தி ரோட்டுக் கடைகளில் பாய் மீது அமர்ந்து, கடைக்காரர் விரிக்கும் இருபது சேலைகளையும் கையால் தடவி, முந்தியைப் புரட்டி, கரையை வெளிச்சத்தில் பிடித்து, வீட்டுப் பெரியவரான மாமி தலையசைத்த பிறகே பணம் கைமாறும். இன்று அப்படியா? கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. படத்தின் கீழே இரண்டு வரி இருக்கிறது. அவ்விரண்டு வரியை நம்பி, நூறு மைல்களுக்கு அப்பாலிருக்கும் ஒரு தாய், மகளின் மணநாளுக்கென்று சேர்த்து வைத்த பணத்தை அனுப்பி விடுகிறார்.

இந்த மாற்றத்தைக் குறை கூறுவதற்காக நான் எழுதவில்லை. வீட்டை விட்டு வெளியே சென்று கடை வைக்க இயலாத எத்தனையோ சகோதரிகள் இதனால் ஹலாலான வருவாய் ஈட்டுகின்றனர். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடையில் வாங்கும்போது கண்ணும் கையும் சாட்சிகளாக இருந்தன. விற்பவர் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் கை அதைச் சரிபார்த்துக்கொள்ளும். படத்தைப் பார்த்து வாங்கும்போது விற்பவரின் எழுத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்த எழுத்துத் தவறாகிவிட்டால் வாங்கியவர் கையில் எஞ்சுவது என்ன?

பட்டுச் சேலையில் எழுத்துத் தவறுவதற்கு இடங்களும் பல உண்டு. ‘ப்யூர் காஞ்சிபுரம் பட்டு’ என்ற மூன்று சொற்களுக்குள் குறைந்தது நான்கு வாக்குறுதிகள் அடங்கியிருக்கின்றன. இழை பட்டு, நெய்தது கைத்தறியில், நெய்த ஊர் காஞ்சி வட்டாரம், கரையில் ஓடுவது அசல் ஜரிகை. வாங்குபவர் நான்கையும் சேர்த்தே புரிந்துகொள்கிறார். விற்பவரோ சில வேளைகளில் ஒன்றை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறார்.

அரசு தரும் முத்திரைகளைக் கவனித்தால் இது விளங்கும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த சில்க் மார்க் முத்திரை, இழை இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே சாட்சி. அது கைத்தறியா, விசைத்தறியா என்று அந்த முத்திரை பேசாது. கைத்தறிக்கென 2006-இல் ஹேண்ட்லூம் மார்க் தனியாக வந்தது. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு 2005-06 காலத்தில் கிடைத்தது. அது ஊரையும் முறையையும் காப்பது. ஆகவே சில்க் மார்க் அட்டை தொங்குகிறது என்பதாலேயே ஜரிகையில் வெள்ளி இருக்கிறது என்று கொள்வது, பள்ளிச் சான்றிதழைக் காட்டிச் சொத்துப் பத்திரம் இருக்கிறது என்று நம்புவதைப் போன்றது. முத்திரை பொய் சொல்லவில்லை. நாம்தான் அது சொல்லாததையும் அதன் வாயில் திணிக்கிறோம்.

அசல் ஜரிகை என்பது, பட்டிழை ஒன்றின் மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் பொன் முலாம் ஏற்றியது. நெசவாளர்களுக்கு இது பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்திலும் அரசின் ஜரிகை ஆலை உண்டு. இதற்கு அடுத்த படியில் செம்புக் கம்பிக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சுக் கொடுத்த வகை இருக்கிறது. வியாபாரிகள் ‘ஹாஃப் ஃபைன்’ என்பார்கள். அதற்கும் கீழே, உலோகப் பளபளப்பு ஏற்றிய பிளாஸ்டிக் இழை. புதிதாக இருக்கையில் மூன்றும் படத்தில் ஒன்றுபோல் மின்னும். கரையை நகத்தால் மெல்ல உரசினால் உள்ளே சிவப்புப் பட்டிழை தெரியவேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வது நல்ல சோதனைதான். ஆனால் பருத்தியிழைக்கும் சிவப்புச் சாயம் ஏறும் என்பதால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜரிகையின் உலோக விகிதத்தை எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்லும் வசதி இப்போது வந்துவிட்டது. (பட்டு ஆண்களுக்கு ஆகாது என்ற மார்க்கத்தில் இருந்துகொண்டு, அணியவே முடியாத ஒன்றைப் பற்றி இவ்வளவு விசாரித்து அறிய நேர்ந்ததை எண்ணி எனக்கே வியப்பு உண்டாகிறது. பட்டு ஊரில் மத்ரஸா நடத்துபவனிடம் வந்து சேரும் வழக்குகள் அப்படி!)

அத்தகைய வழக்கு ஒன்றுதான் இதை எழுத என்னைத் தூண்டியது. 2024 ஷவ்வால் மாதம். எங்கள் பெண்கள் வகுப்பில் முன்பு ஓதிய ஒரு சகோதரி, கைப்பேசி வழியே சேலை விற்பவர், தம் தமையனுடன் வந்திருந்தார். மொத்த வியாபாரி ஒருவரிடம் பன்னிரண்டு சேலைகள் எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ‘சுத்தப் பட்டு, அசல் ஜரிகை’ என்று அச்சிட்ட சீட்டு இருந்திருக்கிறது. அதை அப்படியே படத்தின் கீழ் எழுதி நான்கை விற்றுவிட்டார். அவற்றுள் ஒன்று தென்கோடி ஊர் ஒன்றின் மணமகளுக்குச் சென்றது. விலை 30,000 ரூபாய்.

நிக்காஹ் முடிந்து சேலையை மடித்து வைக்கும்போது, வளையல் உரசிய இடத்தில் ஜரிகையின் உள்ளே வெளிறிய இழை தெரிந்திருக்கிறது. மணமகளின் தாயார் ஐயுற்று, ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய கரைத் துண்டைத் தபாலில் அனுப்பி, சோதித்துச் சொல்லும்படி கேட்டார். சோதனையில் பட்டு அசல் பட்டே. ஜரிகை மட்டும் வெள்ளிப் பூச்சுச் செம்பு என்று தெரிந்தது. அந்தத் தாயார் சண்டை போடவில்லை. “நீங்களும் பிள்ளை வளர்ப்பவர், இரக்கம் காட்டிச் சேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதியிருந்தார்.

அவருடைய பணிவைப் பார்த்து எனக்கு வருத்தமே உண்டாயிற்று. வாங்கிய பின் மனம் மாறி வருந்துபவரிடமிருந்து பொருளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதை மார்க்கம் பெரிதும் புகழ்கிறது. இகாலா என்று அதற்குப் பெயர். அது இரக்கம். இங்கே நடந்திருப்பது வேறு. சொன்ன தன்மை பொருளில் இல்லை. இங்கே அவர் கேட்பது தம் உரிமை. உரிமையை இரந்து கேட்கும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுவருவதே ஒரு குறையல்லவா?

தமையன் வாதம் செய்தார். நல்ல மனிதர்தான், தங்கையின் நட்டத்தை அஞ்சிப் பேசினார். தங்கைக்கு ஒரு சேலையில் கிடைப்பது இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு. மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போகிறது. “படத்தைப் பார்த்துப் பிடித்துத்தானே வாங்கினார்கள், ஹஸ்ரத்? விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று இவள் எழுதியும் இருக்கிறாள். அதுவும் வெட்டித் தைத்து உடுத்திய சேலை! மேலும் இவளா பொய் எழுதினாள்? மொத்த வியாபாரியின் சீட்டில் இருந்ததைத்தானே எழுதினாள்?”

நான்கு கேள்விகளும் இன்று பல வீடுகளில் கேட்கப்படுபவை.

படம் பார்த்தது பொருளைப் பார்த்ததாகுமா? காணாத பொருளை வாங்கியவருக்கு, கண்ட பின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். கியாருர் ருஃயா என்பார்கள். நம் பழைய சட்ட நூல்களில் ஒரு நுட்பம் பேசப்பட்டிருக்கிறது: ஒருவர் விற்பனைப் பொருளைக் கண்ணாடியில் தெரியும் பிம்பமாக மட்டும் பார்த்தால், அவருடைய அந்த உரிமை போய்விடுமா? போகாது, அவர் கண்டது பொருளின் சாயலையே என்று சொல்லிவிட்டார்கள். கைப்பேசி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது! இன்றைய படம் எவ்வளவு தெளிவாயினும் ஜரிகையின் உள்ளிழையை அது காட்டுவதில்லை.

திரும்பப் பெறப்படாது என்ற வாசகத்திற்கு வருவோம். உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள், குறைகளுக்கு நான் பொறுப்பல்ல என்று முன்கூட்டியே சொல்லி விற்பதை ஹனஃபி சட்டம் ஏற்கத்தான் செய்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அசல் ஜரிகை என்று ஒரு தன்மையைத் தானே உறுதி கூறிவிட்டு, அத்தன்மை இல்லாதபோது அந்த வாசகத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் கூறிய தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கலாகாது. எப்போதோ ஒருமுறை தம் சொந்தப் பொருளை விற்பவருக்கு அவ்விதிகள் பொருந்தா; தொடர்ந்து வியாபாரமாகச் செய்பவருக்குப் பொருந்தும். வாங்கியவர் தாம் வாழும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்பதையும், 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம் என்பதையும் நம் சகோதரிகள் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வெட்டித் தைத்த சேலை என்பதுதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. வியப்பு என்னவென்றால், ஹனஃபி சட்டத்தின் அடிப்படை நூல்களில் ஒன்றான ஹிதாயா, இதற்குத் துணியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறது. துணியை வாங்கி வெட்டிய பிறகு குறை தெரிய வந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை நின்றுவிடுகிறது. ஏனெனில் வாங்கியவர் கையில் புதியதொரு குறை ஏற்பட்டுவிட்டது. ஆனால் அவர் வெறுங்கையராய் நிற்க வேண்டியதில்லை. குறையினால் தாழ்ந்த விலையை விற்றவரிடமிருந்து பெற்றுக்கொள்வார். வெட்டிய நிலையிலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று விற்றவர் முன்வந்தால் அதுவும் செல்லும். வெட்டியதோடு தைத்தும் விட்டாலோ, வாங்கியவரின் நூலும் உழைப்பும் அதில் கலந்துவிடுவதால், திரும்ப எடுக்கும் வழி விற்றவருக்கும் இல்லை. விலைத் தாழ்வை ஈடு செய்வதே வழி. ஒரு பக்கமும் சாயாமல் எவ்வளவு நிதானமாக அளந்திருக்கிறார்கள் பாருங்கள்! இன்றைய பெரிய வணிக நிறுவனங்களின் திரும்பப் பெறும் விதிகளோ, ‘அட்டையைக் கிழித்தால் இல்லை’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மணமகள் சேலையை உடுத்தியது குறை தெரிவதற்கு முன். தெரிந்த பிறகும் உடுத்தியிருந்தால், குறையோடு ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் கருதிவிடும். ஆகவே வாங்கும் சகோதரிகளே, ஐயம் தோன்றிய கணமே சேலையை மடித்து வைத்துவிட்டு எழுதுங்கள். ‘இந்த ஒரு விருந்துக்கு உடுத்திவிட்டு அனுப்பலாம்’ என்பது உங்கள் வழக்கை நீங்களே தோற்பது.

இந்தச் சேலையில் பட்டும் கைத்தறியும் உண்மையாய் இருந்ததால்தான் பேச்சு விலைத் தாழ்வோடு நின்றது. செயற்கை இழையைப் பட்டென்று விற்றிருந்தால் கதையே வேறு. மாணிக்கம் என்று விற்றது கண்ணாடியாக இருந்தால் அந்த விற்பனையே செல்லாது என்பர் சட்டமேதைகள், இனமே மாறிவிடுகிறதல்லவா? அப்போது முழுப் பணமும் திரும்ப வேண்டும்.

“இவளா பொய் எழுதினாள்?” என்ற கேள்விக்குப் பதிலாக, நீங்கள் அனைவரும் கேட்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டினேன். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னார். பொய்யன்று; மழைதான் நனைத்தது. ஆயினும் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவரைப் பற்றிக் கடுமையாக எச்சரித்தார்கள். முஸ்லிம் நூலில் பதிவான ஹதீஸ் இது. பெரும்பாலோர் அந்த எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மழையைச் செய்தது வியாபாரி அல்லர் என்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பிழை எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. பிழை தெரிந்த பின் அதை எங்கே வைக்கிறோம் என்பது வேறொரு கேள்வி. சீட்டை அச்சிட்டவர் மேல் அந்தச் சகோதரிக்கு வழக்கு உண்டு. அந்த வழக்கு முடியும்வரை மணமகளின் தாய் காத்திருக்க வேண்டியதில்லை.

தொகையை எப்படிக் கணக்கிடுவது? இதற்கும் முறை இருக்கிறது. விவரம் அறிந்த இரண்டு ஜவுளி வியாபாரிகளிடம் சேலையின் படத்தையும் சோதனை முடிவையும் கொடுத்தோம். சொன்னபடியே அசல் ஜரிகையாக இருந்தால் சந்தை மதிப்பு 35,000. உள்ளபடி 21,000 என்றார்கள். தாழ்வு நூற்றுக்கு நாற்பது. ஆனால் வாங்கியவர் கொடுத்தது 30,000 அல்லவா? ஆகவே அந்த முப்பதாயிரத்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது 12,000 ரூபாய். சந்தை மதிப்புகளின் வித்தியாசமான 14,000-ஐ அப்படியே கொடுப்பதில்லை; விகிதம்தான் கணக்கு. தபால் செலவையும் சோதனைக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், அது உங்கள் நற்பண்பு என்றேன். ஐந்து சேலைகளின் இலாபம் ஒரே நாளில் போயிற்று. அந்தச் சகோதரி சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அனுப்பிவிடுகிறேன் ஹஸ்ரத்” என்றார்.

அதோடு எழுந்து போயிருக்கலாம். வாசல்வரை சென்றவர் நின்று கேட்டார்: “மற்ற மூன்று பேருக்கும் தெரியாதே, அவர்களுக்கு என்ன செய்வது?”

தமையன் முகம் மாறியது. கேட்டவருக்குக் கொடுப்பது ஒன்று. கேட்காதவரைத் தேடிச் சென்று, உங்களுக்கு நான் விற்றது நான் சொன்னதன்று என்று கூறுவது எத்தனை பேரால் முடியும்? நான் கல்லூரியில் வரலாறு பயின்றவன். வணிகர்களின் வரலாறு என்றால் கூஃபா நகரத்து இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே முதலில் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் மார்க்க மேதை மட்டுமல்லர், துணி வியாபாரி. கஸ் எனப்படும் பட்டும் கம்பளியும் கலந்த துணி விற்றவர்கள். கூட்டாளி ஹஃப்ஸு பின் அப்துர் ரஹ்மானிடம் சரக்கை ஒப்படைக்கும்போது, ஒரு துணியில் குறை இருக்கிறது, விற்கும்போது அதைச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். அவர் மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்பது அவர்களின் வரலாற்றில் காணப்படும் செய்தி.

இதைச் சொல்லி முடித்ததும் தமையன் சற்றே நிம்மதியோடு, “அப்படியானால் அந்தத் தொகையை யத்தீம்கானாவுக்குக் கொடுத்துவிடலாமே” என்றார். இல்லை என்றேன். இமாம் அவர்கள் தர்மம் செய்தது ஆள் தெரியாததால். இவருடைய கைப்பேசியில் மூவரின் எண்ணும் முகவரியும் இருக்கின்றன. உரியவர் இருக்கும் இடம் தெரிந்திருக்க, அவருடைய பணத்தைக் கொண்டு நாம் தர்மம் செய்து நன்மை தேடுவது எப்படிப் பொருந்தும்? நம் சமுதாயத்தில் இந்தக் குறுக்கு வழி சற்று அதிகமாகவே புழங்குகிறது என்பது என் எண்ணம்.

அன்றிரவே மூவருக்கும் எழுதிவிட்டார். சேலை இன்னதென்று சொன்னேன், சோதனையில் இன்னதென்று தெரிந்தது. உடுத்தாமல் இருந்தால் அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன். உடுத்தி, தைத்திருந்தால் விலைத் தாழ்வைத் தருகிறேன். இவ்வளவுதான் கடிதம். சாக்குப் போக்கு ஒன்றும் அதில் இல்லை.

மொத்த வியாபாரி, விற்காமல் இருந்த எட்டுச் சேலைகளையும் எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டார். விற்றுப்போன நான்கிற்கும் தாம் பொறுப்பல்ல என்கிறார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இவருக்கு அவர்மேல் உள்ள உரிமை, மணமகளின் தாய்க்கு இவர்மேல் இருந்த அதே உரிமைதான். இப்போது எடுக்கும் சரக்கில் ஒன்றைச் சோதித்துவிட்டே விற்பனைக்கு வைக்கிறார். படத்தின் கீழே இழை, தறி, ஜரிகை என்று மூன்றையும் தனித்தனி வரியில் எழுதுகிறார். ‘ஜரிகை: ஹாஃப் ஃபைன்’ என்று எழுதினால் யார் வாங்குவார் என்று தமையன் கேட்டாராம். விலை அதற்கேற்ப இருப்பதால் வாங்குகிறார்கள். முன்பைவிடச் சற்றுக் குறைவாகத்தான் விற்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூவருள் ஒருவர் அலமாரியிலேயே வைத்திருந்த சேலையைத் திருப்பி அனுப்பினார். ஒருவர், சொன்னதே போதும், எனக்கு ஒன்றும் வேண்டாம், நான் பொருந்திக்கொண்டேன் என்று எழுதினார். மூன்றாமவர் செய்தியைப் படித்துவிட்டதாகக் கைப்பேசி காட்டுகிறது, பதில் இல்லை. இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. அவருக்குரிய தொகையைத் தனி உறையில் இட்டு, மேலே பெயரும் எண்ணும் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். அது அமானிதம் அன்று, கடன். கணக்கேட்டில் கடன் என்றே எழுதுங்கள், மகளிடமும் சொல்லி வையுங்கள் என்றேன்.